இரும்பில் தைத்த சட்டை: இடைக்காலக் கவசம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நின்ற இடத்திலேயே இடது பக்கமாக நன்றாகச் சாய்ந்து பாருங்கள். விலா எலும்பு முடிந்து இடுப்பெலும்பு தொடங்குவதற்கு முன்னால் உடம்பு மடிகிற ஓர் இடம் இருக்கும். அங்கே விரலை வைத்துக்கொண்டு நிமிருங்கள். அநேகமாக அது தொப்புளுக்குச் சற்று மேலே இருக்கும். நாம் பேன்ட் போடுகிற இடம் அதற்கு நான்கு விரல் கீழே. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 15-ஆம் நூற்றாண்டிலும் ஐரோப்பாவில் செய்த மார்புத் தகடு இறுகிப் பிடிப்பது அந்த மடிப்பில்தான். வீட்டில் கவசம் செய்து பார்க்கிறவர்கள் முதலில் தவறுவதும் அங்கேதான். பெல்ட் வரை தகட்டை நீட்டிவிடுகிறார்கள்.

என் முதல் மார்புத் தகட்டை நானும் அப்படித்தான் வெட்டினேன். கண்ணாடி முன்னால் நின்றபோது ஒரு குறையும் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் கீழ் விளிம்பு தொடையில் முட்டியது. மொத்தத் தகடும் மேலே ஏறி, மேல் விளிம்பு தொண்டைக் குழியில் இடித்தது. மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளின் உழைப்பு அது. அப்புறம் பழைய மார்புத் தகடுகளைப் பக்கவாட்டில் எடுத்த படங்களைத் தேடிப் பார்த்தபோதுதான் அவை எவ்வளவு குட்டையானவை, இடுப்பில் எவ்வளவு ஒடுங்குகின்றன என்று புரிந்தது. அந்த ஒடுக்கம் அழகுக்காக வைத்ததல்ல. எடை அங்கேதான் இறங்குகிறது. இடுப்பைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் தோளின் பாரம் பெருமளவு குறைந்துவிடும்.

மற்ற தவறுகளுக்கும் வேர் இதுவே. கவசத்தை ஓர் இரும்புப் பெட்டியாக நினைத்து வேலையை ஆரம்பிக்கிறோம். அதைச் செய்தவர்களோ தையல்காரர் மாதிரி யோசித்தார்கள். எங்கே தளர்த்துவது, எங்கே இறுக்குவது, கை தூக்கினால் எது நகரும் என்பதே அவர்கள் கணக்கு.

எந்த வருடம், எந்த ஊர், யார் போட்டது

"இடைக்காலக் கவசம் ஒன்று செய்யப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி: எந்த வருடத்துக் கவசம்? 1250 வாக்கில் ஒரு வீரனுக்கு முக்கியமாக இருந்தது இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த வளையச் சட்டையும், தலையை முழுதாக மூடும் பானை போன்ற தலைக்கவசமும். 1350 வாக்கில் துணிக்கு உள்பக்கம் தகடுகள் வைத்து ரிவெட் (முனையை நசுக்கிப் பிடிக்க வைக்கும் ஆணி) அடித்த மேலங்கி பரவலாகிவிட்டது. 1380-களில் மார்பு உருண்டு புடைத்தது, தலையில் கூர் உச்சி வைத்த பாசினெட் என்ற தலைக்கவசம் உட்கார்ந்தது. 1440 வாக்கில் மிலான் பட்டறைகளில் தலை முதல் கால் வரை முழுத் தகடு. கிளாஸ்கோவின் கெல்விங்ரோவ் அருங்காட்சியகத்தில் இருக்கும் "அவான்ட்" கவசம் அந்தக் காலத்தது. 1480-களில் ஜெர்மன் பட்டறைகள் தகட்டில் விசிறி போல வரிகளை விரித்தன.

இதில் ஒன்றின் தலையை எடுத்து இன்னொன்றின் உடம்பில் வைப்பது, பாகவதர் கிராப்போடு பெல்பாட்டம் போட்டு நிற்பது மாதிரி. இரண்டுமே உண்மையான பொருள்கள்தான், ஆனால் சேர்ந்து இருந்த காலம் கிடையாது. 1460-இன் சாலெட் தலைக்கவசத்தை 1360-இன் மேலங்கியோடு போட்டால் இடையில் ஒரு நூற்றாண்டு காணாமல் போகிறது.

வருடம் மட்டும் போதாது என்பதற்கு விஸ்பியைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பால்டிக் கடலில் இருக்கும் காட்லண்ட் தீவின் நகரம் அது. 1361 ஜூலை 27 அன்று டென்மார்க் அரசர் நான்காம் வால்டமாரின் படை நகர மதிலுக்கு வெளியே தீவின் குடியானவர் படையை அழித்தது. இறந்தவர்களைப் பெருங்குழிகளில் போட்டு மூடினார்கள். பலரைக் கவசத்தோடேயே. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது கிடைத்த மேலங்கிகள் பல, 1361-க்கே பழைய பாணியானவை. நகரத்துப் பணக்காரர் அன்றைக்குப் புதிதாக வாங்கியது ஒன்று, குடியானவர் வீட்டில் கிடந்ததை எடுத்துப் போட்டது வேறொன்று. ஆகவே "1361" என்று எழுதிக்கொண்டால் வேலை முடியாது. ஊரையும் ஆளையும் சேர்த்து எழுதி பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள். என் சுவரில் இருப்பது: 1385, வட இத்தாலி, குதிரைப்படைக் கூலி வீரன்.

கண்ணால் கண்டதையும் விசாரியுங்கள்

விஸ்பியில் இன்னொன்றும் கற்கலாம். துணியும் தோலும் மண்ணில் மக்கிவிட்டன, தகடுகளும் ரிவெட்டுகளும் மட்டும் எலும்புகளின் மேல் கிடந்தன. ஸ்வீடன் ஆய்வாளர் பெங்ட் தோர்டெமான் எந்தத் தகடு எதன் பக்கத்தில் கிடந்தது என்று பார்த்துப் பார்த்துத்தான் மேலங்கிகளை மீட்டெடுத்தார். அந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டு அக்காலக் கல்லறைச் சிலைகளைப் பாருங்கள். உடையின் மேல் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரியும். அவற்றைப் பார்த்துவிட்டு "தோல் சட்டையில் ஆணிக் குமிழ் பதித்திருக்கிறார்கள்" என்று பலரும் அப்படியே செய்துவிடுகிறார்கள். தோலில் பதித்த குமிழ் எதையும் தடுக்காது. சிலையில் தெரிவது ரிவெட்டின் தலை மட்டுமே. அது பிடித்துக்கொண்டிருக்கும் தகடு உள்ளே இருக்கிறது.

ஓவியங்களிலும் இதே கவனம் வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் விவிலியக் கதைகளைத் தீட்டியவர்கள் தாவீதின் காலத்துப் போர்வீரர்களுக்கும் தங்கள் காலத்து வளையச் சட்டையைத்தான் மாட்டினார்கள். நமக்கு அது பெரிய கொடை. ஆனால் படம் எதைப் பற்றியது என்பதைவிட எப்போது, எங்கே தீட்டியது என்பதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் முழுக் கவசத்தைக் கண்டால் முதலில் விளக்கப் பலகையைப் படியுங்கள். நிறையக் கவசங்கள் பல இடங்களிலிருந்து வந்த துண்டுகளைச் சேர்த்து நிறுத்தியவை. கைப்பகுதி ஒரு காலம், கால்பகுதி ஒரு காலம். 19-ஆம் நூற்றாண்டில் பழங்கவசம் சேர்ப்பது செல்வந்தர்களின் மோகமானபோது போலிகளும் பெருகின. 1839-இல் ஸ்காட்லாந்தில் எக்ளிண்டன் பிரபு நடத்திய மாதிரிப் போர்விழாவுக்குக் கவசம் கொடுத்த லண்டன் வியாபாரி சாமுவேல் பிராட், போலிகளை விற்றதற்காகவும் பெயர் வாங்கியவர். அப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்து நீங்கள் பிரதி எடுத்தால் விக்டோரியா காலத்துக் கற்பனையைத்தான் செய்வீர்கள்.

ஒரே பொருளை மூன்று வகைச் சான்றில் பார்த்த பிறகே நான் தகட்டைத் தொடுகிறேன்: மிஞ்சியிருக்கும் கவசம், சிலை, ஓவியம். அதிலும் முதுகுப் பக்கத்துக்கு அலைய வேண்டியிருக்கும். மல்லாந்து படுத்திருக்கும் கல்லறைச் சிலைக்கு முதுகு எதற்கு என்று சிற்பிகள் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தின் வாரிக் நகரில் ரிச்சர்ட் பீச்சம் பிரபுவுக்கு 1450-ஐ ஒட்டி வார்த்த வெண்கலச் சிலை இதற்கு அற்புதமான விதிவிலக்கு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்ல்ஸ் ஸ்டோதர்ட் என்ற ஓவியர் அதைப் புரட்டிப் பார்க்க வைத்தார். யார் கண்ணுக்கும் படாத முதுகிலும் வார், கொக்கி, கீல் என ஒன்றுவிடாமல் வடித்திருந்தார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் செய்த கைகளை நினைத்து மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

சட்டை முதலில், இரும்பு பிறகு

பெரிய தவறு இதுதான், இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். டி-ஷர்ட்டின் மேல் அளவெடுத்துக் கவசத்தைச் செய்து முடித்துவிட்டு, கடைசியில் உள்ளே போட ஒரு பஞ்சுச் சட்டை தேடுகிறார்கள். அப்போது எதுவும் பொருந்தாது.

நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் 15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துப் பிரதி ஒன்று இருக்கிறது. தரையில் நின்று சண்டையிடப் போகிறவனுக்குக் கவசம் பூட்டுவது எப்படி என்று அதில் ஒரு சிறு குறிப்பு. இரும்பைப் பற்றிப் பேசும் முன் அது உடையைச் சொல்கிறது. வழக்கமான சட்டை வேண்டாம். சாட்டின் உள்துணி வைத்து, நிறைய ஓட்டைகள் வெட்டிய பருத்தி கலந்த தடித்த துணிச் சட்டை வேண்டும். கயிறு கட்டும் இடங்களை அதில் வலுப்படுத்தித் தைக்க வேண்டும். அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் வளையத் துண்டுகளைச் சட்டையோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். கால் கவசம் உரசாமல் இருக்க முழங்காலில் மெல்லிய கம்பளித் துண்டு. கவசத்தைக் கட்டும் கயிறு, குறுக்குவில்லுக்கு நாண் திரிக்கும் நூலில் செய்தது. அதற்குச் செருப்புத் தைப்பவரின் மெழுகு பூச வேண்டும், அப்போதுதான் அது நீளவும் செய்யாது, அறவும் செய்யாது.

இதைப் படிக்கும் வரை என் கால் கவசத்தைத் தோல் பெல்ட்டில் தொங்கவிட்டிருந்தேன். நூறு அடி நடப்பதற்குள் இரண்டு காலும் கீழே இறங்கி, முழங்கால் கிண்ணம் கெண்டைக்காலுக்கு வந்துவிடும். இடுப்பில் இறுகப் பிடிக்கும் ஒரு சட்டையைத் தைத்து, அதன் விளிம்பில் ஓட்டை போட்டு, மெழுகிட்ட நூல் கயிற்றால் தொடைத் தகட்டைக் கட்டினேன். அன்றைக்கு மாடிப்படி ஏறி இறங்கினேன், கிண்ணம் முழங்காலிலேயே நின்றது.

சட்டை வெட்டும் முறைக்கு லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு மேலாடையைப் பார்க்கலாம். 1364-இல் ஆரே போரில் இறந்த பிரிட்டனி பிரபு ஷார்ல் தெ ப்ளுவா அணிந்தது என்று சொல்லப்படுவது. அதன் கைத்துளை நம் சட்டைபோல் தோள்முனையில் நிற்காமல், மார்பிலும் முதுகிலும் பெரிய வட்டமாக உள்ளே வருகிறது. அதனால் கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் இடுப்புப் பகுதி மேலே ஏறாது. இன்றைய சட்டையின் வெட்டில் பஞ்சு வைத்துத் தைத்தால் கை தூக்கும்போது சட்டையோடு சேர்ந்து கால் கவசமும் மேலே இழுபடும்.

வளையமும் தகடும்

கம்பியைச் சுருட்டி, வெட்டி, முனைகளைச் சும்மா ஒட்ட வைத்து மூடும் வளையச் சட்டையை இப்போது எங்கும் பார்க்கலாம். செய்வது சுலபம். ஐரோப்பிய இடைக்காலத்துச் சட்டை அப்படி இல்லை. வளையத்தின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, தட்டித் தட்டையாக்கி, துளைபோட்டு, குட்டி ஆப்பு போன்ற ரிவெட்டைச் செருகி நசுக்குவார்கள். ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களைக் கோத்திருக்கும். ரிவெட் இல்லாத வளையம் ஈட்டி முனை பட்டதும் வாய் திறந்துவிடும். திறக்காமல் இருக்கத் தடித்த கம்பி போட்டால் சட்டை வீணாகக் கனக்கும்.

ஒரு சட்டைக்குப் பல ஆயிரம் வளையங்கள் வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் தானே செய்யச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்த மாட்டேன். ரிவெட் அடிக்கும் வளையங்கள் இந்தியாவிலேயே தயாராகி ஏற்றுமதி ஆகின்றன. அதை வாங்கிக்கொண்டு உழைப்பைப் பொருத்துவதில் போடுங்கள். கடைச் சட்டை கோணிப்பை மாதிரி தொளதொளவென்று வரும். அக்குளிலும் இடுப்பிலும் வரிசைகளைக் குறைத்து உடம்போடு ஒட்ட வையுங்கள். எடை குறைவது உடனே தெரியும்.

தகட்டுக்கு வருவோம். பழைய கவசத்தில் கனம் ஒரே சீராக இருக்காது. அடி விழும் முன்பக்கத்தில் தடித்தும், ஓரங்களிலும் கை கால்களிலும் மெலிந்தும் இருக்கும். நாம் கடையில் வாங்கும் ஷீட் ஒரே கனம். எல்லாவற்றையும் 14 கேஜில் (கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும்) வெட்டிவிட்டுக் கனக்கிறது என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை. 15-ஆம் நூற்றாண்டு முழுத் தகட்டுக் கவசமே பொதுவாக 20 முதல் 25 கிலோதான். மார்புக்கும் தலைக்கும் 16 கேஜ், கை கால்களுக்கு 18 என்று தொடங்கலாம். மோதலுக்குப் போடுவதானால் தலைக்கு இன்னும் தடிமன் தேவை.

எவர்சில்வர் ஷீட் துருப்பிடிக்காது, ஆனால் அது 20-ஆம் நூற்றாண்டுப் பொருள், அதன் வெண்மை தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டை மட்டும் நெருப்பில் காட்டவே காட்டாதீர்கள். துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். மற்றபடி கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான், இவை இல்லாமல் சுத்தியலை எடுக்க வேண்டாம்.

பாசினெட்டை இரண்டு பாதிகளாகச் செய்து நடுவில் வெல்டிங் வைப்பதை நான் குறையாக நினைக்கவில்லை. ஒரே தகட்டிலிருந்து கூர் உச்சி எழுப்ப வருடக்கணக்கான பழக்கம் வேண்டும். தழும்பைத் தேய்த்து மறையுங்கள், கேட்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் "அந்தக் காலம்தானே, கரடுமுரடாக இருக்கட்டும்" என்று சுத்தியல் தழும்பை அப்படியே விடுவது தவறு. மிலானில் மெருகேற்றுவதற்கென்றே தனித் தொழிலாளர்கள் இருந்தார்கள். பிராட்டோ ஊர் வணிகர் ஃபிரான்செஸ்கோ தத்தீனி, 14-ஆம் நூற்றாண்டில் அவிஞ்ஞோனில் கடை வைத்து மிலான் கவசங்களை வரவழைத்து விற்றவர். அப்படிக் கடையில் நின்று பார்த்து வாங்கும் சரக்குக்கு மேற்பூச்சு நேர்த்தி முக்கியம்.

வாருக்கு வாங்கும் தோலையும் கவனியுங்கள். குரோம் பதனிட்ட தோல் 19-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. மரப்பட்டையில் பதனிட்டது வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி, திண்டுக்கல், ஈரோடு, திருச்சி வட்டாரம் தாவரப் பதனிடலுக்கே பேர்போனது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நடுவில் நீலம் கலந்த சாம்பல் தெரிந்தால் அது குரோம்.

தகட்டை வெட்டும் முன் எல்லாத் துண்டையும் அட்டையில் வெட்டி, தைத்து வைத்த சட்டையின் மேல் நூலால் கட்டிக்கொள்ளுங்கள். பிரெஞ்சுத் தளபதி பூசிகோவைப் பற்றி அவர் உயிரோடு இருந்தபோதே எழுதிய வரலாறு, பாசினெட் தவிர முழுக் கவசத்தோடு அவர் குட்டிக்கரணம் போட்டதாகச் சொல்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருங்கள். குனிந்து செருப்பு வாரை மாட்டுங்கள். இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் குறுக்கே கொண்டுவந்து வாள் பிடிப்பது போல் கோத்துப் பாருங்கள். அட்டை எங்கே மடங்கி நசுங்குகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, கத்தரியால் அரை விரல் வெட்டிவிட்டு, மறுபடி உட்காருங்கள். என் இப்போதைய மார்புத் தகட்டுக்கு ஏழு அட்டை செலவானது.