கடற்கரையில் பெரிய திட்டம் வருகிறதா? எதிர்ப்பைக் கோப்பில் ஏற்றுவது எப்படி

ஊர்க் கடற்கரையில் துறைமுகமோ அனல்மின் நிலையமோ பெரிய ரிசார்ட்டோ வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் எல்லா ஊரிலும் முதலில் நடப்பது ஆர்ப்பாட்டமும் கறுப்புக்கொடியும் கலெக்டர் அலுவலகத்தில் ஒரு மனுவும்தான். அதெல்லாம் வேண்டும். ஆனால் சுற்றுச்சூழல் அனுமதி பற்றி முடிவெடுக்கும் குழு உட்கார்ந்திருப்பது சென்னையிலோ டெல்லியிலோ. அவர்கள் மேஜைக்குக் கோப்புதான் போகும், கோஷம் போகாது. அந்தக் கோப்புக்குள் உங்கள் ஊரின் எதிர்ப்பைப் பக்க எண்ணோடும் ஆதாரத்தோடும் கையெழுத்தோடும் ஏற்றிவிட்டால் வேலையில் முக்கால்வாசி முடிந்த மாதிரி. தமிழ்நாட்டுக் கடற்கரையை மனதில் வைத்து எழுதுகிறேன். மத்தியச் சட்டங்கள் என்பதால் பக்கத்து மாநிலக்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில், வருவது எந்த வகைத் திட்டம்?

அனுமதி விவகாரம் முழுவதும் 2006 செப்டம்பர் 14-ல் வந்த ஈ.ஐ.ஏ. (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) அறிவிக்கையைச் சுற்றித்தான் ஓடுகிறது. அதில் 'ஏ' வகை டெல்லிக்குப் போகும், 'பி' வகையை மாநில ஆணையம் பார்க்கும். உதாரணமாக, ஆண்டுக்கு 50 லட்சம் டன்னும் அதற்கு மேலும் சரக்கு கையாளும் துறைமுகம் 'ஏ'. இப்படிப்பட்ட திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். ஆனால் ரிசார்ட், அடுக்குமாடி மாதிரி வெறும் கட்டடத் திட்டமாக இருந்தால், 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அனுமதி வேண்டும், கருத்துக் கேட்பு மட்டும் கிடையாது. இது பலருக்குத் தெரிவதில்லை. கூட்டம் வரும், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பார்கள், அதற்குள் அஸ்திவாரம் போட்டுவிடுவார்கள். உங்கள் ஊருக்கு வருவது கட்டடம் என்றால் சி.ஆர்.இசட். எனப்படும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் உள்ளாட்சியின் கட்டட அனுமதியையும் முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த விதிகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கொச்சி மரடு ஒரு சாட்சி. காயலோரத்தில் விதியை மீறி எழுந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடிக்க 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆட்கள் குடியேறி வாழ்ந்துகொண்டிருந்த வீடுகள், 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். வாங்கியவர்களின் கண்ணீரையும் பார்த்தோம். அதனால்தான் செங்கல் வரும் முன்பே தடுப்பது எல்லோருக்கும் நல்லது என்கிறேன்.

ஆர்.டி.ஐ. போடுங்கள், இன்றைக்கே

ஆர்.டி.ஐ. என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம். மாநில அரசு அலுவலகம் என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு வெள்ளைத்தாளில் எழுதினால் போதும், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். 'திட்டம் பற்றிய எல்லா விவரமும் தருக' என்று எழுதாதீர்கள், 'கேள்வி தெளிவில்லை' என்று திரும்பி வரும். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: திட்ட நிறுவனம் கொடுத்த விண்ணப்பப் படிவம், ஆய்வு வரம்புக் கடிதம் (எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று நிறுவனத்துக்குச் சொல்லும் கடிதம்), நிலத்தின் சர்வே எண்கள், உங்கள் மாவட்டத்தில் இப்போது நடைமுறையில் இருக்கும் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடம். கோப்பை நேரில் உட்கார்ந்து பார்க்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது, அதையும் சேர்த்துக் கேளுங்கள். நேரில் கோப்பைப் புரட்டும்போதுதான் கேட்கத் தெரியாத காகிதங்கள் கண்ணில் படும்.

வரைபடத்தை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எது கடற்கரை, எது கழிமுகம், எது மணல்மேடு என்பதை அந்த வரைபடம்தான் தீர்மானிக்கிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை சி.ஆர்.இசட். விதிகளுக்குள் வரும். சதுப்புநிலக் காடு, பவளப்பாறை, ஆமை முட்டையிடும் இடம், மணல்மேடு இதெல்லாம் மிகக் கடுமையான முதல் பிரிவு. 2019-ல் புதிய சி.ஆர்.இசட். அறிவிக்கை வந்தாலும், அதற்கேற்ற வரைபடம் ஒப்புதல் ஆகும்வரை 2011 அறிவிக்கைதான் செல்லும். ஆகவே 'எந்த அறிவிக்கை, எந்தத் தேதியில் ஒப்புதலான வரைபடம்' என்று இரண்டையும் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணூர்க் கழிமுகத்துக்காகப் போராடியவர்கள் 1996-ல் ஒப்புதலான பழைய வரைபடத்தை இப்படித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். பழைய வரைபடத்தில் இருந்த நீர்நிலை புதிய வரைபடத்தில் காணாமல் போயிருந்தால், அதைவிடப் பெரிய ஆதாரம் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை.

உங்கள் வரைபடத்தை நீங்களே போடுங்கள்

அரசு வரைபடத்தில் வெறும் மணல் என்று இருக்கும். அந்த மணலில்தான் படகு ஏற்றுகிறோம், கரைவலை இழுக்கிறோம், வலை பின்னுகிறோம், கருவாடு காயப்போடுகிறோம். மீனவர்களின் பொது இடங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று சி.ஆர்.இசட். அறிவிக்கையே சொல்கிறது, நடைமுறையில் யாரும் வந்து கேட்பதில்லை. நீங்களே குறியுங்கள். மொபைலில் ஜி.பி.எஸ். போட்டுக்கொண்டு, வயதான ஒருவரையும் பள்ளிப் பிள்ளை ஒன்றையும் கூட்டிக்கொண்டு கரையோரம் நடந்தால் ஒரே காலையில் பாதி முடிந்துவிடும். பெரியவர் 'இதுவரைக்கும் ஐப்பசியில தண்ணி ஏறும்' என்று காலால் ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோட்டின் அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்து, அவர் நிற்பதையும் சேர்த்துத் தேதி தெரியப் படம் எடுங்கள்.

கடலுக்குள்ளும் இதே வேலை உண்டு. எந்தப் பாரில் (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டில்) எந்த மீன், எந்த மாதம், எந்த வலை என்று படகுக்காரர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஊர் ரகசியப் பார்களைச் சொல்லத் தயங்குவார்கள், நியாயம்தான். சரியான புள்ளி வேண்டாம், ஒரு வட்டம் போட்டால் போதும் என்று சொல்லுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை கரையேறும் காலம், அப்போது தடங்களையும் முட்டைக்குழிகளையும் படமெடுத்து வைத்தால் 'இங்கே ஆமை வருவதில்லை' என்று அறிக்கையில் ஒரு வரி வரும்போது கைகொடுக்கும்.

அறிக்கையைப் பிரித்துப் படிப்பது

வரைவு ஈ.ஐ.ஏ. அறிக்கை கலெக்டர் அலுவலகம், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம் போன்ற இடங்களில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில், தலையணை கனத்தில் இருக்கும். பயப்படாதீர்கள், ஆளுக்கு ஒரு அத்தியாயம் பிரித்துக்கொள்ளுங்கள். ஊரில் கல்லூரி படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

என்ன பார்ப்பது? முதலில் தரவு எடுத்த மாதம். பெரும்பாலான அறிக்கைகள் மழையில்லாத ஒரே பருவத்தின் தரவை வைத்து எழுதப்படுகின்றன. நம் கிழக்குக் கரையில் கடல் கரையைத் தின்பதும் முகத்துவாரம் உடைவதும் வடகிழக்குப் பருவமழையில்தான். மார்ச்சிலிருந்து மே வரை அளந்துவிட்டு அரிப்பு இல்லை என்று எழுதியிருந்தால் அதை அப்படியே மேற்கோள் காட்டி ஆட்சேபியுங்கள்.

அடுத்தது அலைதடுப்புச் சுவர். கிழக்குக் கரையில் மணல் ஆண்டுக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கல்சுவர் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை போகும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்ததும் இதனால்தான். புதுச்சேரியில் 1980-களில் துறைமுகச் சுவர் வந்தபின் நகரத்தின் மணற்கரையே காணாமல் போனது. உங்கள் அறிக்கையில் வடபக்க ஊர்களைப் பற்றி எத்தனை பக்கம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஊர்களையும் சேர்த்துக்கொள்ள இதைவிட நல்ல காரணம் கிடையாது.

வேலைவாய்ப்பு அட்டவணையைத் தவறவிடாதீர்கள். ஊருக்குள் பிளவு வருவது அங்கேதான். கட்டுமானக் காலத்து வேலை எத்தனை, அதற்குப் பிறகு நிரந்தரமாக எத்தனை, அதில் என்ன படிப்பு கேட்கிறார்கள் என்று பிரித்து, தமிழில் ஒரே தாளில் அச்சடித்துத் தெருத்தெருவாகக் கொடுங்கள். வேலை வேண்டும் என்று சொல்லும் இளைஞனைத் துரோகி என்று பேசினால் நாளைக்கு அவனே அந்தப் பக்கம் மேடையேறுவான்.

காப்பியடித்த பக்கங்களும் சிக்கும். மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பக்கங்கள் வந்திருந்தன! உங்கள் கடலில் இல்லாத மீன், உங்கள் மண்ணில் இல்லாத மரம் பட்டியலில் இருந்தால் வட்டமிடுங்கள்.

கூட்ட நாள்

குறைந்தது 30 நாள் முன்பே, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். இடம் திட்டப் பகுதியிலோ மிக அருகிலோ இருக்க வேண்டும். இதில் குறை இருந்தால் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

பேசுபவர்களுக்கு விஷயத்தைப் பங்கு போட்டுக் கொடுங்கள், ஆளுக்கு ஒன்று. ஒருவர் பார்களைப் பற்றி, ஒருவர் குடிநீரைப் பற்றி, ஒருவர் அரிப்பைப் பற்றி. ஐம்பது பேர் 'இந்தத் திட்டம் வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் பதிவில் அது ஒரு வரி. மீன் விற்கும் பெண்களை முதல் மணி நேரத்திலேயே பேசவையுங்கள், மதியத்துக்கு மேல் பந்தல் காலியாகிவிடும், பத்திரிகைக்காரர்களும் கிளம்பிவிடுவார்கள். பேசுவதை எழுத்திலும் இரண்டு பிரதியாகக் கொண்டுபோய் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். சுற்றுவட்டாரத்தில் இல்லாதவர்களும் எழுத்தில் கருத்து அனுப்பலாம்.

கூட்டத்தை நடத்துவது மாசு கட்டுப்பாட்டு வாரியம், தலைமை தாங்குவது கலெக்டர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதி. முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும், நீங்களும் எடுங்கள். கடைசியில் நடந்ததன் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக்காட்ட வேண்டும். எல்லோரும் பேசி முடித்து, கோபம் தணிந்து, பஸ்ஸைப் பிடிக்க ஓடும் நேரம் அது. பத்துப் பேரையாவது கையில் பட்டியலோடு கடைசிவரை உட்காரவையுங்கள். விட்டுப்போனதை அங்கேயே எழுந்து சொல்லிச் சேர்க்க வைக்க வேண்டும், அப்புறம் சேர்ப்பது பெரும்பாடு.

கூட்டத்துக்குப் பிறகு

காசு வசூலித்தால் ரசீது கொடுங்கள், கணக்கை ஊர்க்கூட்டத்தில் வாசியுங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டுப் பிரதி வாங்கி மேலே அனுப்புங்கள். பக்கத்து ஊர்களை ஆரம்பத்திலேயே சேருங்கள், ஏனென்றால் திட்டம் கைவிடப்படாமல் இடம் மட்டும் மாறலாம். குமரி மாவட்டத்தில் இனயத்தில் என்று பேசப்பட்ட துறைமுகம் எதிர்ப்புக்குப் பின் கோவளம், கீழமணக்குடி பக்கம் நகர்ந்தது, அங்கேயும் மக்கள் மறுபடி தெருவுக்கு வர வேண்டியிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் அனுமதி கிடைத்துவிட்டால்? அனுமதி வந்த ஏழு நாளுக்குள் நிறுவனம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும். உத்தரவு தெரிய வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு, தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. எனவே பேப்பரையும், அனுமதி விவரங்கள் வெளியாகும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தையும் தினமும் பார்க்க ஒருவரை நியமியுங்கள்.

வழக்கில் பெரிதாக நம்பக்கூடியது மறைத்த தகவல். கோவாவின் மோபா விமான நிலைய அனுமதியை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது விண்ணப்பத்தில் உண்மைகளைச் சொல்லாததால்தான். மறு ஆய்வுக்குப் பின் 2020 ஜனவரியில் தடை நீங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீதிமன்றத்தில் கிடைப்பது சில சமயம் அவகாசமும் கூடுதல் நிபந்தனைகளும் மட்டும்தான்.

அந்த நிபந்தனைகளை விடாதீர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 1-லும் டிசம்பர் 1-லும் நிறுவனம் இணக்க அறிக்கை (நிபந்தனைகளைப் பின்பற்றியதைச் சொல்லும் அறிக்கை) தர வேண்டும். அதை எடுத்து, அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாகக் கரையில் போய்ச் சரிபார்த்து, மீறலைப் படத்தோடு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மண்டல அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.