பாட்டுக்குப் பாட்டு வால்யூம் மாறுதா? இப்படி சரி பண்ணுங்க

கேசட்ல இருந்து ரிப் பண்ண பழைய பாட்டு முணுமுணுன்னு கேக்கும், சரின்னு சவுண்ட ஏத்தி வெச்சா அடுத்து வர்ற புதுப் படப் பாட்டு காதக் கிழிச்சிரும். உடனே ஆடாசிட்டிங்குற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல போட்டு நார்மலைஸ் (சவுண்ட ஒரே அளவுக்கு கொண்டு வர்ற ஆப்ஷன்) பண்ணாதீங்க, அது உச்ச அளவ மட்டும்தான் பாக்கும், காதுக்கு எவ்ளோ சத்தமா கேக்குதுன்னு பாக்காது, போதாக்குறைக்கு எம்பி3ய திரும்ப சேவ் பண்ணா குவாலிட்டியும் போகும்.

கம்ப்யூட்டர்ல கேக்குறவங்களுக்கு ஃபூபார்2000ங்குற பாட்டு பிளேயர் போதும். எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ரைட் கிளிக், ரீப்ளேகெயின், டிராக் கெயின் ஸ்கேன். பாட்ட தொடாது, எவ்ளோ ஏத்தணும் எறக்கணும்ங்குற நம்பர டேக்ல (ஃபைலுக்குள்ள பாட்டு பேரு, பாடகர் பேரெல்லாம் இருக்குற எடம்) எழுதி வைக்கும், அவ்ளோதான். செட்டிங்ஸ்ல பிளேபேக்ல சோர்ஸ் மோடு டிராக்னு இருக்கான்னு பாத்துக்கோங்க. ஆல்பத்த வரிசையா கேக்குற ஆளுன்னா ஆல்பம் ஸ்கேன், ஆல்பம் மோடு, இல்லன்னா மெதுவா இருக்க வேண்டிய பாட்டும் கத்தும்.

கார் பென்டிரைவ் கதை வேற. நெறைய கார் ஸ்டீரியோ இந்த டேக்க கண்டுக்காது. அதுக்கு எம்பி3கெயின், பழைய சாஃப்ட்வேர்தான் ஆனா இன்னும் கில்லி. ஃபோல்டர காப்பி எடுத்துட்டு உள்ள போடுங்க, டார்கெட், அதாவது எல்லா பாட்டையும் கொண்டு வர வேண்டிய சத்த அளவு, 89 டெசிபல்னு வரும், அப்படியே விட்டு டிராக் கெயின் அமுக்குங்க. 1.5 டெசிபல் படிகளாத்தான் மாத்தும், ரீ-என்கோட் (பாட்ட திரும்ப எம்பி3யா சுருக்கி சேவ் பண்றது) கிடையாது, அதனால குவாலிட்டி போகாது, வேணாம்னா அன்டூவும் இருக்கு. 89 கம்மியா இருக்கேன்னு 95, 98னு ஏத்தாதீங்க, கிளிப்பிங் வந்து, அதாவது சவுண்ட் எல்லைய தாண்டி உச்சி வெட்டுப்பட்டு, கரகரங்கும். கார்லயே வால்யூம கொஞ்சம் கூட்டிக்கோங்க.