மதுரைப் பக்கம் மண்பாண்டம் வாங்கப் போகிறீர்களா?

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் நாலு பொம்மை வாங்கியதோடு விமானம் ஏறிவிடாதீர்கள். ஒரு நாள் ஒதுக்கி மானாமதுரைக்குப் போய் வாருங்கள். ராமேசுவரம் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம்தான், பேருந்தும் உண்டு. காரில் போகிறவர்கள் வழியில் கீழடி அருங்காட்சியகத்தில் இறங்குங்கள். தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளைப் பார்த்துவிட்டுப் போனால், மானாமதுரையில் சக்கரம் சுற்றுவதைப் பார்க்கும் கண்ணே வேறாக இருக்கும்.

மானாமதுரை என்றாலே கடம்தான், கச்சேரியில் தாளத்துக்கு வாசிக்கும் மண்பானை. 2023இல் இவ்வூர் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சக்கரத்தில் வனைந்ததும் கடம் முடிந்துவிடாது. ஈரம் கொஞ்சம் இழுத்ததும், ஒரு கையால் உள்ளே கல்லைக் கொடுத்து, மறு கையால் வெளியே மரத்தட்டையால் தட்டிக்கொண்டே வருவார்கள். தட்டத் தட்ட மண் இறுகும், சுவர் ஒரே கனத்துக்கு வரும். கனம் பிசகினால் நாதம் பிசகிவிடும். வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் அரை மணி நேரமாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். அதன் பிறகு உங்களுக்கே பேரம் பேச மனம் வராது. வாசிக்க வாங்குவதென்றால் என்ன சுருதி வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சூளையில் வெந்த பிறகு சுருதியை அதிகம் மாற்ற முடியாது.

சமையல் சட்டியைச் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல சட்டி, மொத்தென்று கேட்டால் வேண்டாம். ஊர் போனதும் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, அரிசி கழுவிய நீரைக் கொதிக்கவிட்டுப் பழக்குங்கள்.

கொலு பொம்மைக்குத் திருப்பரங்குன்றம் பக்கத்து விளாச்சேரி. நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் தெருவே வண்ணமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் காயாது, சூளையும் வைக்க முடியாது. அப்போது வருகிறவர்கள் விசாரித்துவிட்டுப் போங்கள்.

அப்புறம், கொண்டுபோகும் விஷயம். முதல் தடவை சட்டியைத் துண்டில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் போட்டேன். வீட்டில் திறந்தால் எட்டுத் துண்டு. இப்போதெல்லாம் உள்ளே துணி அடைத்துக் கைப்பையில்தான் கொண்டுபோகிறேன். ஆஸ்திரேலியா போகிறவர்கள் சட்டியைச் சுற்றிக் கட்டிய வைக்கோலைப் பிரித்துவிட்டு, ஒட்டிய மண் போகக் கழுவிக் காயவையுங்கள்.

வழியில் ஐயனார் கோயில்களில் சுடுமண் புரவிகள், அதாவது குதிரைகள், நிற்கும். ஊர் சார்பில் பிடிமண் (ஒரு கைப்பிடி மண்) கொடுத்து, குயவரான வேளார் செய்து, புரவி எடுப்புத் திருவிழாவில் சுமந்துவந்து வைத்தவை அவை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். உடைந்து கிடக்கும் குதிரைத் தலை அழகாக இருக்கிறதே என்று எடுத்து வந்துவிடாதீர்கள். அது சாமிக்குக் கொடுத்தது.