பொருளியல் ஆய்வுக்கு நூலகத்தில் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: திருகோணமலை மாணவர்களுக்கு

பொருளியலில் இறுதியாண்டு ஆய்வு செய்யும் எங்கள் பகுதிப் பிள்ளைகளில் பலர் முதல் மாதத்திலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: "திருகோணமலையைப் பற்றி ஒன்றுமே இல்லை." கிண்ணியா மீனவர் வருமானம், நிலாவெளிச் சுற்றுலா, கந்தளாய் நெல், மூதூரிலிருந்து மத்திய கிழக்குக்குப் போன பெண்கள் அனுப்பும் பணம், எந்தத் தலைப்பானாலும் இதே பேச்சுத்தான். பிறகு தலைப்பை மாற்றுகிறார்கள். அல்லது வேறெந்த நாட்டைப் பற்றியோ வந்த கட்டுரைகளைக் கொண்டு, முந்திய ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டும் இலக்கிய மீளாய்வை நிரப்பிவிடுகிறார்கள்.

இருப்பது நிறைய. அது 'திருகோணமலைப் பொருளாதாரம்' என்று முதுகில் அச்சிட்ட ஒரே புத்தகமாக இல்லை, அவ்வளவுதான். திணைக்களங்களின் பெயரிலும் பழைய சஞ்சிகை இதழ்களிலும் அட்டவணைகளின் அடியிலும் சிதறிக் கிடக்கிறது. உண்மையாகவே இல்லாத இடங்களும் உண்டு. ஏன் இல்லை என்று தெரிந்துகொள்ளாமல் அவற்றைக் கடந்து போனால் ஆய்வே பிழையாகிப்போகும்.

ஆய்வுத் தலைப்பை அப்படியே தட்டித் தேடுவது

மேற்பார்வையாளர் ஒப்புதல் தந்த தலைப்பு பன்னிரண்டு சொல் நீளம் இருக்கும். அதை முழுதாகத் தேடல் பெட்டியில் போட்டால் ஒன்றும் வராது. வந்தாலும் சம்பந்தமில்லாதது வரும். தலைப்பை உடையுங்கள். என்ன பொருள், எந்த இடம், எந்தக் காலம், எந்த அளவீடு என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மாற்றுச் சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு உட்காருங்கள்.

இடப்பெயரில்தான் நம்மவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். மூதூர், கந்தளாய், குச்சவெளி, புல்மோட்டை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஓர் எழுத்துக் கூடிக் குறைந்தாலே பட்டியல் கையை விரித்துவிடும். 1972 க்கு முந்தியவற்றை 'இலங்கை' என்பதற்கான இன்றைய ஆங்கிலப் பெயரில் தேடினால் கிடைக்காது; 'சிலோன்' என்று தேட வேண்டும். மாகாண சபை ஆவணங்களிலும் இதே சிக்கல். 1988 முதல் 2006 வரை கிழக்கு மாகாணம் வடக்கோடு இணைந்திருந்தது. அந்தக் காலத்து மாகாண வரவுசெலவுத் திட்டமோ புள்ளிவிபரத் தொகுப்போ வேண்டுமானால் 'வடக்கு கிழக்கு மாகாணம்' என்ற பெயரில் தேடினால்தான் அகப்படும்.

330 ஆம் இலக்கத் தட்டோடு திரும்பிவிடுவது

நூலகங்கள் நூல்களைப் பொருள்வாரியாக இலக்கமிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் பொருளியலுக்கு 330 என்று எல்லாருக்கும் தெரியும். அந்த அலுமாரிக்கு முன் நின்று, பாடநூல்களைப் புரட்டிவிட்டு, "பழைய புத்தகங்கள்தான் இருக்கு" என்று போய்விடுகிறார்கள். ஆனால் தொழிற்படை 331, வங்கியும் நிதியும் 332, அரச நிதி 336, உற்பத்தியும் கைத்தொழிலும் 338. வறுமை பற்றிய நூல்களில் பாதி 339.46 இல் இருக்கும், மீதி சமூக நலன் என்ற பெயரில் 362.5 இல் இருக்கும். மீன்பிடியின் பொருளாதாரப் பக்கம் 338.3727, வலை, படகு, பிடிமுறை எல்லாம் 639.2. சுற்றுலா 338.4791. உங்கள் பிற்செலவுப் (ரிக்ரெஷன்) பகுப்பாய்வுக்கான புள்ளியியல் நூல் 519.5 இல், வேறொரு மூலையில் நிற்கும்.

ஆகவே கணினிப் பட்டியலில் ஒரு நல்ல நூலைக் கண்டால் அதன் பதிவைத் திறந்து, கீழே இருக்கும் பொருள் தலைப்புகளைப் பாருங்கள். அதில் ஒன்றைச் சொடுக்கினால், வேறு தட்டுகளில் இருக்கும் அதே வகை நூல்கள் எல்லாம் ஒரே திரையில் வந்து நிற்கும். உசாத்துணைப் பகுதியையும் மறக்க வேண்டாம். மத்திய வங்கி அறிக்கைகள், தொகைமதிப்புத் தொகுதிகள், திணைக்கள அறிக்கைகள் போன்றவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இரவல் தருவதில்லை என்பதால் அந்தப் பக்கம் மாணவர் போவது குறைவு. உண்மையில் பொருளியல் ஆய்வாளருக்கு நூலகத்தின் மிகப் பெறுமதியான இடம் அதுதான்.

அடிக்குறிப்பைப் படிக்காமல் எண்ணை எடுப்பது

ஆய்வேடுகளில் நான் காணும் தவறுகளில் மிகக் கூடிய சேதம் செய்வது இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை வளர்ச்சியை வரைபில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1981 தொகைமதிப்பு இங்கே முழுமையாக நடந்தது. 1991 இல் நாட்டில் தொகைமதிப்பே நடக்கவில்லை. 2001 இல் நடந்தது, ஆனால் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக. மிச்சம் ஏழு மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. 2007 இல் கிழக்கில் ஒரு விசேட கணக்கெடுப்பு எடுத்தார்கள். அடுத்த முழுத் தொகைமதிப்பு 2012 இல், அதற்கு அடுத்தது 2024 இல். 2001 க்கான எண்ணைச் சாதாரணமாகப் புள்ளி வைத்து இணைத்தால், எண்ணப்படாத ஊர்களையும் இடம்பெயர்ந்த சனத்தையும் 'வளர்ச்சி வீழ்ச்சி' என்று எழுதியவர் ஆகிவிடுவீர்கள். 1981 இலிருந்து 2012 க்கு நேர்கோடு இழுத்தாலோ, போரும் 2004 ஆம் ஆண்டுச் சுனாமியும் அந்தக் கோட்டுக்கு அடியில் புதைந்துபோகும்.

வறுமைத் தரவில் இது இன்னும் கடுமை. வீட்டு வருமான செலவின அளவீடு 1990/91, 1995/96, 2002 ஆகிய சுற்றுகளில் வடக்கையும் கிழக்கையும் சேர்க்கவில்லை. 2006/07 இல் கிழக்கைச் சேர்த்தார்கள், திருகோணமலை மாவட்டத்தைத் தவிர. 2009/10 இல்தான் நம் மாவட்டம் அட்டவணைக்குள் வருகிறது. அதற்கு முந்திய 'இலங்கையின் வறுமை' என்ற எண்ணில் நாம் இல்லை. இதை ஆய்வேட்டில் ஒரு பந்தியாக எழுதினாலே வாசிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிடும்.

இன்னொரு பொறி, அளவுகோல் மாறுவது. 2016 அளவீட்டின்படி நாட்டின் வறுமை வீதம் 4.1 என்று வெளியானது. 2019 அளவீட்டுக்கு 14.3 என்று வெளியானது. மூன்று வருடத்தில் வறுமை மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது என்று எழுதினால் அது பெரும் பிழை. முதல் எண் 2002 ஐ அடிப்படையாகக் கொண்ட வறுமைக் கோட்டில் கணித்தது; இரண்டாவது, 2012/13 ஐ அடிப்படையாகக் கொண்டு புதுப்பித்த கோட்டில் கணித்தது. கோடு உயர்ந்தால் அதன் கீழே விழுவோர் தொகையும் கூடத்தான் செய்யும்.

மொத்த உள்நாட்டு உற்பத்தியின் அடிப்படை ஆண்டு, அதாவது மற்ற ஆண்டுகளை ஒப்பிடும் ஆண்டு, 2010 இலிருந்து 2015 க்கு மாறியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் அடிப்படை 2013 இலிருந்து 2021 க்கு மாறியது. இரண்டு தொடர்களை வெட்டி ஒட்ட முன், எந்த அடிப்படை என்று இரண்டிலும் பாருங்கள். விலைச் சுட்டெண் இரண்டு இருப்பதையும் கவனியுங்கள். கொழும்புச் சுட்டெண் கொழும்பு மாவட்ட நகர்ப்புறக் குடும்பங்களின் செலவைக் கொண்டது. தேசியச் சுட்டெண் எல்லா மாகாணங்களையும் கொண்டது. 2022 செப்டெம்பரில் முதலாவது 69.8 வீதப் பணவீக்கம் காட்டியது, இரண்டாவது 73.7 வீதம் காட்டியது. மூதூர்க் குடும்பங்களின் மெய்க்கூலியை, அதாவது விலையேற்றத்தைக் கழித்த கூலியை, கணிக்கும் ஒருவர் எதை எடுத்தார், ஏன் எடுத்தார் என்று சொல்லியே ஆக வேண்டும்.

பழைய பெயரிலேயே தேடி 'நிறுத்திவிட்டார்கள்' என்று முடிவுகட்டுவது

வெளியீடுகளின் பெயர் மாறும். மத்திய வங்கியின் ஆண்டறிக்கையை 1950 களிலிருந்து வரிசையாகப் பார்த்து வருபவர் 2023 ஆம் ஆண்டுக்கு வந்ததும் தடுமாறுவார். 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டத்துக்குப் பிறகு, அதன் பொருளாதாரப் பகுதி வருடாந்தப் பொருளாதார மீளாய்வு என்ற தனி நூலாக வருகிறது. தமிழிலும் வருகிறது. தமிழ் மூலத்தில் கற்பவர்கள் கலைச்சொற்களுக்கு அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நாமாகச் சொல் உருவாக்கித் தடுமாறத் தேவையில்லை.

தமிழில் தேடுவதையே பலர் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த கவலை தரும் விஷயம். மக்கள் வங்கி வெளியிட்ட 'பொருளியல் நோக்கு' இதழ்களில் விவசாயம், மீன்பிடி, ஊழியப் புலம்பெயர்வு பற்றி இந்நாட்டுப் பொருளியலாளர்கள் எழுதிய கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் அந்த இதழ்கள் பல இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. ஊர் மலர்கள், கூட்டுறவுச் சங்க அறிக்கைகள், பிரதேசக் கையேடுகள் என்று வேறெங்கும் காணாதவையும் அங்கே இருக்கின்றன.

பணம் கேட்கும் பக்கத்தோடு தேடலை நிறுத்துவது

ஒரு கட்டுரையைத் திறந்தால் முப்பது நாற்பது டொலர் கேட்கிறது. உடனே சாளரத்தை மூடிவிடுகிறார்கள். பொருளியலில் பணம் கட்ட அவசியம் குறைவு. பொருளியலாளர்கள் சஞ்சிகைக்குக் கொடுக்குமுன்பே தங்கள் ஆய்வைப் பணித்தாளாக வெளியிடுவது வழக்கம். 1997 இல் தொடங்கிய ரெபெக் என்ற கூட்டு முயற்சியும் அதன் 'ஐடியாஸ்' தளமும் இந்தத் தாள்களை இலவசமாகப் பட்டியலிடுகின்றன. கூகுள் ஸ்கொலரில் ஒவ்வொரு முடிவுக்கும் அடியில் எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பு ஒன்று உண்டு. அதற்குள் அநேகமாக ஓர் இலவசப் பிரதி இருக்கும். பணித்தாளுக்கும் இறுதிக் கட்டுரைக்கும் எண்கள் மாறியிருக்கக்கூடும், எதைப் படித்தீர்களோ அதையே மேற்கோள் காட்டுங்கள்.

பொருளியல் கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் ஜேஈஎல் குறியீடுகளையும் பழகிக்கொள்ளுங்கள். மீன்பிடிக்கு க்யூ 22, வறுமை அளவீட்டுக்கு ஐ 32, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு எஃப் 24, சுற்றுலாவும் அபிவிருத்தியும் என்றால் இஸட் 32. எழுத்துக்கூட்டல் எப்படி இருந்தாலும் குறியீடு மாறாது. இலங்கைப் பல்கலைக்கழகங்களின் சஞ்சிகைகளுக்கு 'ஸ்ரீ லங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளம் இருக்கிறது. உலக வங்கியின் தரவுத்தளத்துக்கு 2010 முதல் கட்டணமே இல்லை. கட்டணத் தளங்களில் எவற்றுக்கு உங்கள் பல்கலைக்கழகம் சந்தா கட்டுகிறது, வீட்டிலிருந்து எப்படி நுழைவது என்பதை நூலகத்தில் ஒருமுறை கேட்டு எழுதி வையுங்கள். கோணேசபுரி வளாகத்துக்குள் திறந்த கட்டுரை கிண்ணியா வீட்டில் திறக்காவிட்டால், நுழைவுக் கணக்கைப் பதியாததே பெரும்பாலும் காரணம்.

செயற்கை நுண்ணறிவு தந்த உசாத்துணைகளை நம்புவது

உரையாடும் செயலிகள் நம்பும்படியான ஆசிரியர் பெயர், ஆண்டு, சஞ்சிகை எல்லாம் போட்டு, உலகத்தில் இல்லாத கட்டுரைகளைத் தரும். கட்டுரையைத் திறந்து கண்ணால் காணாமல் ஒரு வரியையும் உசாத்துணைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். தேடுசொல் யோசிக்க அவற்றைப் பயன்படுத்துங்கள், அதோடு போதும்.

கேட்காமலே கொழும்புக்கு ரயில் ஏறுவது

இரவு ரயிலில் போய், காலையில் பத்தரமுல்லையிலோ கோட்டையிலோ ஒரு நூலகத்தின் முன் நிற்கும்போது, "முன்கூட்டியே அனுமதி எடுக்க வேணும்" என்றால் அந்தப் பயணமும் காசும் வீண். முதலில் மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்கள் நூலகரிடமிருந்து ஓர் அறிமுகக் கடிதம் எடுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திலோ யாழ்ப்பாணத்திலோ வந்தாறுமூலையிலோ அந்த நூல் இருந்தால் நூலகங்களுக்கிடையிலான இரவல் மூலமோ, வேண்டிய அத்தியாயத்தின் பிரதி மூலமோ வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள்.

கொழும்பைவிடக் கிட்ட இருப்பதையும் மறக்கிறார்கள். மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கிளை மாவட்டப் புள்ளிவிபரக் கைந்நூலைத் தயாரிக்கிறது. பதினொரு பிரதேச செயலகங்களிலும் தத்தம் பிரிவுக்கான தரவுகள் உண்டு. மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஓர் அரச அலுவலகம் தரவைத் தராமல் இழுத்தடித்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். ஆய்வின் கடைசி மாதத்தில் விண்ணப்பித்தால் பயனில்லை, தலைப்பு உறுதியான வாரத்திலேயே எழுதுங்கள்.

நூலகரிடம் கேட்கக் கூச்சப்படுவது

"புத்தகம் எங்க இருக்கு சேர்" என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். அவரிடம் கேள்வியை முழுதாகச் சொல்லுங்கள்: "கிண்ணியாவில சிறு மீனவர் கடன் எங்க எடுக்கிறாங்க எண்டு பார்க்கிறன் சேர். 2010 க்குப் பிறகுள்ள தரவு வேணும். இந்த மூன்று இடத்திலையும் தேடிப் பார்த்திட்டன்." அப்படிக் கேட்டால் அவர் அலுமாரி இலக்கத்தோடு விடமாட்டார், யாருக்குக் கடிதம் எழுதுவது, எந்தப் பழைய ஆய்வேட்டில் இதே வினாக்கொத்து இருக்கிறது என்றுகூடச் சொல்வார்.

பழைய ஆய்வேடுகளை முகப்புக்காகவும் அத்தியாய ஒழுங்குக்காகவும் மட்டும் புரட்டாதீர்கள். பின்னிணைப்பில் இருக்கும் வினாக்கொத்தும் அட்டவணைகளும்தான் பொக்கிஷம். உங்கள் ஆய்வை ஒப்படைக்கும்போது நீங்கள் சேகரித்த தரவுக் கோப்பையும், எந்தக் கிராமத்தில் எந்த மாதத்தில் எப்படி வீடுகளைத் தெரிவுசெய்தீர்கள் என்ற குறிப்பையும், பெயர் விபரங்களை நீக்கிவிட்டு, நூலகத்தில் கொடுக்க முடியுமா என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். குச்சவெளியில் நூறு வீடுகளின் கடன் விபரம் அடுத்த வருடம் வருபவருக்கு வேறெந்த வெளியீட்டிலும் கிடைக்கப்போவதில்லை.