லூத்தரன் பல்கலைக்கழகத்தில் சேருகிறீர்களா? வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் படிக்க விண்ணப்பிப்பவர்களின் பட்டியலில், பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு நடுவே மார்ட்டின் லூதர் வழிவந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ மரபைச் சேர்ந்த ஒரு சின்ன லூத்தரன் கல்லூரியின் பெயரும் சில சமயம் எட்டிப்பார்க்கும். இண்டியானா மாநிலத்தின் வால்பரைசோ பல்கலைக்கழகம் அப்படி ஒன்று. சிகாகோவிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இன்று அங்கே 3,000-க்கும் குறைவான மாணவர்களே படிக்கிறார்கள். நம்மூரில் ஒரு பெரிய கலைக் கல்லூரியே அதைவிடக் கூட்டமாக இருக்கும். முப்பதாயிரம் பேர் படிக்கும் இடத்துக்கான பழக்கங்களோடு இங்கே போய் இறங்குவதுதான் பாதித் தவறுகளுக்குக் காரணம்.

மீதிப் பாதி அந்த 'லூத்தரன்' என்ற அடைமொழியில் இருக்கிறது. சிலர் அதை பைபிள் காலேஜ் என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். வேறு சிலர் அது வெறும் பெயர்தான் என்று கவனிக்காமலே சேர்ந்துவிடுகிறார்கள். இரண்டும் சரியில்லை. அமெரிக்காவில் லூத்தரன் என்பது ஒரே சபை அல்ல. ஈ.எல்.சி.ஏ. (எவாஞ்சலிக்கல் லூத்தரன் சர்ச் இன் அமெரிக்கா) என்ற பெரிய சபை 1988-இல் மூன்று அமைப்புகள் இணைந்து உருவானது; பெண்களும் அங்கே போதகர் ஆகலாம். மிசூரி சினாட் என்ற இன்னொரு சபை பழமையில் ஊன்றி நிற்பது, பெண்களுக்குப் போதகர் பட்டம் தருவதில்லை. கன்கார்டியா என்ற பெயரில் அங்கே இருக்கும் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது சபையுடையவை. (ஆம்பூர் கன்கார்டியா பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது, அதுவும் மிசூரி சினாட் மிஷனரிகள் வழி வந்ததுதான்.) செயின்ட் ஓலாஃப், கஸ்டாவஸ் அடால்ஃபஸ் போன்ற மினசோட்டா கல்லூரிகள் ஈ.எல்.சி.ஏ. பக்கம். வால்பரைசோ எந்தச் சபைக்கும் சொந்தமில்லாத தனி நிறுவனம். 1859-இல் மெதடிஸ்டுகள் தொடங்கியது, கைமாறிக் கைமாறி 1925-இல் ஒரு லூத்தரன் சங்கம் விலைக்கு வாங்கியது. விடுதி விதிகள், பேராசிரியர் நியமனம், மாணவர் அமைப்புகளுக்கு அனுமதி எல்லாம் இந்தப் பின்னணியைப் பொறுத்து மாறும். விண்ணப்பிக்கும் முன் பத்து நிமிடம் செலவழித்து, அது எந்த வகை லூத்தரன் என்று பார்த்துவிடுங்கள்.

மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருவது இயல்பு. இப்படிப்பட்ட பெரும்பாலான கல்லூரிகளில் வழிபாடு கட்டாயமில்லை. வார நாட்களில் அந்த நேரத்தில் வகுப்பு வைக்காமல் விட்டிருப்பார்கள், விருப்பமுள்ளவர்கள் போவார்கள். ஆனால் இறையியல் தாள் ஒன்றோ இரண்டோ இளநிலைப் பட்டத்துக்குக் கட்டாயமாக இருக்கலாம். அதைத் தொல்லை என்று நினைத்துக் கடைசி செமஸ்டர்வரை தள்ளிப்போடுவது வழக்கமான பிழை. ஜெபம் சொல்லித்தரும் வகுப்பில்லை அது. வாசித்து, கேள்வி கேட்டு, கட்டுரை எழுத வேண்டிய சாதாரணப் பாடம். இந்துவோ முஸ்லிமோ தன் பின்னணியிலிருந்து பேசினால் ஆசிரியர்கள் மகிழ்ச்சியாகவே கேட்பார்கள். பாடகர் குழுவும் அப்படித்தான். இசையமைப்பாளர் பாக் (Bach) எழுதியவற்றையும் கோரல் எனப்படும் லூத்தரன் சபைப் பாடல்களையும் தலைமுறைகளாகச் சுமந்து வந்த மரபு இது. இசை மாணவராக இல்லாதவரும் குரல்தேர்வுக்குப் போகலாம். போகாமல் விடுவது நஷ்டம் என்பது என் கட்சி.

உண்மையில் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது ஹானர் கோடில், அதாவது மாணவர் நேர்மை விதியில். வால்பரைசோவில் 1940-களிலிருந்து இருக்கும் முறை இது. தேர்வு அறையில் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருக்க மாட்டார். விடைத்தாளில் மாணவர் ஓர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட வேண்டும்: அனுமதியில்லாத உதவியை நான் தரவில்லை, பெறவில்லை, மற்றவர் அப்படிச் செய்வதைப் பொறுத்துக்கொள்ளவும் இல்லை. கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். பக்கத்து ஸீட்காரர் போனைப் பார்க்கிறார், நமக்கெதற்கு வம்பு என்று பேசாமல் இருந்தால், அந்த மௌனமும் மீறல்தான். நண்பனைக் காட்டிக்கொடுப்பது பாவம் என்று வளர்ந்த நமக்கு இது தொண்டையில் இறங்காது. இறங்காவிட்டாலும், கையெழுத்துப் போடும் முன் இதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

தேர்வைவிட அசைன்மென்டில்தான் ஆபத்து அதிகம். சீனியரின் பழைய லேப் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்ப்பது, நாலு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதி வேரியபிள் பெயர்களை மட்டும் மாற்றுவது, ஏ.ஐ. கருவி எழுதியதைத் திருத்தித் தருவது. நம்மூரில் இதற்கெல்லாம் 'ஹெல்ப்' என்று பெயர். அங்கே ஒவ்வொரு ஆசிரியரும் தன் சிலபஸில் எதுவரை கூடிச் செய்யலாம் என்று எழுதியிருப்பார். ஒரு வகுப்பில் அனுமதித்தது அடுத்த வகுப்பில் குற்றமாகலாம். வகுப்பில் பதினைந்து பேர்தான் என்றால் ஆசிரியருக்கு ஒவ்வொருவர் நடையும் மூன்றாவது வாரத்துக்குள் அத்துப்படி ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் சமர்ப்பிக்கும் முன்பே ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக யாரும் மாட்டிக்கொள்வதில்லை.

அதே பதினைந்து பேர் வகுப்பில் வாயைத் திறக்காமல் உட்காருவது அடுத்த தவறு. அடக்கம் என்று நாம் நினைப்பதை அவர்கள் 'படித்துவிட்டு வரவில்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். பங்கேற்புக்கு மதிப்பெண்ணும் உண்டு. ஆபீஸ் ஹவர்ஸில் ஆசிரியரின் அறைக் கதவு உங்களுக்காகவே திறந்திருக்கும், ஃபெயில் ஆனால்தான் போக வேண்டும் என்பதில்லை. இரண்டு வருடம் கழித்து ரெக்கமெண்டேஷன் லெட்டர் கேட்கும்போது, உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுத அவரிடம் விஷயம் இருக்க வேண்டுமே. முகம் தெரிந்த இடம் என்பதில் இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு ஆசிரியரோடு முறைத்துக்கொண்டால், அதே துறையில் மிச்சமிருப்பவர் மூன்று பேராக இருக்கலாம்.

பண விஷயத்துக்கு வருவோம். இணையதளத்தில் போட்டிருக்கும் கட்டணத்தைப் பார்த்து ஓடுவதும் தப்பு, 'பாதி ஸ்காலர்ஷிப்' என்றதும் மயங்குவதும் தப்பு. இத்தகைய தனியார் கல்லூரிகளில் அறிவித்த கட்டணத்தை முழுதாகக் கட்டுபவர்கள் குறைவு. விடுதி, சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதே கணக்கு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். அதை நம்பிக் கட்டணத்துக்குத் திட்டம் போடாதீர்கள்.

கல்லூரியே நிலைக்குமா என்றும் பார்க்க வேண்டும். யாரும் கேட்கத் தயங்கும் கேள்வி இது. பின்லாந்துக் குடியேறிகள் 1896-இல் மிச்சிகனில் தொடங்கிய ஃபின்லாண்டியா பல்கலைக்கழகம் 2023-இல் மூடப்பட்டது. போர்ட்லாண்டில் இருந்த கன்கார்டியா 2020-இல் மூடியது, நியூயார்க் கன்கார்டியா 2021-இல். வால்பரைசோவின் சட்டக் கல்லூரி இப்போது இல்லை. 2023-இல் அதே பல்கலைக்கழகம், முதலாண்டு மாணவர் விடுதிகளைப் புதுப்பிக்க அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃபின் ஓவியம் உட்பட மூன்று படங்களை விற்கப்போகிறேன் என்றதும் பெரிய சச்சரவு கிளம்பியது. அமெரிக்காவில் கல்லூரி வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவரும்போது முதலில் அடிவாங்குவது சின்ன நிறுவனங்கள்தான். அதனால் அட்மிஷன் ஆபீஸில் நேரடியாகவே கேளுங்கள்: கடந்த ஐந்து வருடத்தில் மாணவர் எண்ணிக்கை எப்படி, என் பாடப்பிரிவில் எத்தனை முழுநேர ஆசிரியர்கள், பிரிவை நிறுத்தினால் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் முடிக்க வழி உண்டா? மழுப்பினால் அதுவே பதில்.

அப்புறம் அன்றாட வாழ்க்கை. மிச்சிகன் ஏரிக்கரைப் பக்கத்துப் பனி கடுமையாக இருக்கும், குளிர்கால ஜாக்கெட்டை அங்கே போய் வாங்குங்கள். கார் இல்லாவிட்டால் சிகாகோ போய்வருவதே ஒரு திட்டமிடல். வால்பரைசோ ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது, நகரப் பேருந்து பிடித்து டூன் பார்க் ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும். நவம்பர் நான்காம் வியாழன் தாங்க்ஸ்கிவிங் (வான்கோழி விருந்தோடு கொண்டாடும் நன்றித் திருநாள்), பிறகு கிறிஸ்துமஸ் லீவு. அந்த நாட்களில் பல கல்லூரிகளில் உணவுக்கூடம் மூடிவிடும், விடுதியில் தங்க முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டியிருக்கும். வகுப்புத் தோழனோ ஆசிரியரோ சபைக் குடும்பமோ வீட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். சைவம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வான்கோழி வெட்டிய பிறகு சொன்னால் அவர்களுக்குத்தான் சங்கடம்.