சொறிக்கு மருந்து போடும்போது அரிப்பை நம்பாதீர்கள்

தோட்டத்து லயத்தில் ஒரு பிள்ளை சொறிய ஆரம்பித்தால் "நேற்று யாரோடு விளையாடினாய்?" என்றுதான் முதலில் கேட்போம். அந்தக் கேள்வியே தப்பு. சொறியை உண்டாக்கும் சிரங்குப் பூச்சி முதல்முறை தொற்றும்போது அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம் வரை ஆகலாம். ஏனென்றால் அந்த அரிப்புக்குக் காரணம் பூச்சி கடிப்பது அல்ல. பூச்சி, முட்டை, எச்சம் எல்லாம் அந்நியம் என்று நம் எதிர்ப்பு சக்தி கண்டுகொண்டு சண்டைக்கு இறங்குவதுதான். ஒரு தடவை கண்டுகொண்ட டி அணுக்கள் (எதிர்ப்பு சக்தியின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை) மறப்பதில்லை, மறுபடி தொற்றினால் 1 முதல் 4 நாளிலேயே அரிக்கும்.

இது தெரியாததால்தான் அரிக்கிறவருக்கு மட்டும் மருந்து பூசுகிறோம். ஒரே காம்பிராவில், குளிருக்கு ஒரே கம்பளியில் படுக்கிற வீட்டில் அம்மாவுக்கும் தம்பிக்கும் பூச்சி ஏற்கனவே ஏறியிருக்கும், அரிப்புதான் இன்னும் வந்திருக்காது. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும்.

"உடம்பே விரட்டிவிடும்" என்று விடுவதும் சரிவராது. பெண் பூச்சி குடைந்து முட்டையிடுவது தோலின் மேலடுக்கில், அங்கே இரத்த ஓட்டம் கிடையாது, அதனால் எதிர்ப்பு சக்தி எளிதில் எட்டாது. போதாததற்கு, பூச்சி வெளிவிடும் சில புரதங்கள் காம்ப்ளிமென்ட் என்கிற, இரத்தத்திலுள்ள தற்காப்புப் புரதங்களையே தடுக்கின்றன. ஆனாலும் உடம்பு சும்மா இருப்பதில்லை. சாதாரணமாக ஒருவரிடம் 10, 15 பூச்சிதான் இருக்கும், எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களில் அதுவே ஆயிரக்கணக்காகப் பெருகி, தோல் தடித்துப் பொருக்குத் தட்டிவிடும்.

எனக்கு அதிகம் கோபம் வருவது பார்மசியில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிறீம் மேல்தான். அது சண்டையை அடக்கும், அரிப்பு அடங்கும், 'சுகமாகிவிட்டது' என்று நினைப்போம், பூச்சி நிம்மதியாக முட்டையிடும். பிறகு டொக்டருக்கே அடையாளம் காண்பது கஷ்டம். மண்ணெண்ணெய், கொதிக்கிற தண்ணீர் இதெல்லாம் வேண்டவே வேண்டாம், தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

டிஸ்பென்சரியிலோ ஆஸ்பத்திரியிலோ பெர்மெத்ரின் 5% கிறீம் தந்தால், கொழுந்து எடுத்துவிட்டு வந்து குளித்து, உடம்பு ஆறிய பிறகு கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நகக்கண் எதையும் விடாமல் பூசிப் படுத்து, விடிந்து கழுவுங்கள். இடையில் கை கழுவினால் கையில் திரும்பப் பூச வேண்டும். 7 நாள் கழித்து இன்னொரு தடவை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கேட்டுத்தான் பூச வேண்டும்.

அப்புறமும் 2 முதல் 4 வாரம் அரிக்கும். செத்த பூச்சியும் எச்சமும் தோலுக்குள்தான் இருக்கின்றன, அதோடு உடம்பு இன்னும் மல்லுக்கட்டுகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் பூசித் தோலை எரித்துக்கொள்ளாதீர்கள். 4 வாரம் தாண்டியும் அரித்தாலோ, புதிய கொப்புளம் வந்தாலோ போய்க் காட்டுங்கள்.

மழை மாதத்தில் கம்பளி காயவே காயாது, அது நமக்குத் தெரிந்ததுதானே. துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்தால் போதும், மனித உடம்பு இல்லாமல் பூச்சி சில நாளுக்கு மேல் தாங்காது.

சொறிந்த இடம் சீழ் பிடித்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அதில் ஏறும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சிறுநீரகம் வரை பாதிக்கலாம், பிள்ளையின் முகம் வீங்கினாலோ சிறுநீர் தேயிலைச்சாயம் நிறத்தில் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.