கொழும்பில் வீட்டு வளவுக்குள் துவக்குச் சுடலாமா?

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் எயார் ரைபிள் (காற்றழுத்தத்தில் சின்ன ஈயக்குண்டு சுடுவது) வாங்கி, பின்மதிலில் பால்மா டின்களை அடுக்கிச் சுடத் தொடங்கினான். மூன்றாம் நாள் எங்கள் மேல்மாடித் தண்ணீர்த் தாங்கியில் ஓட்டை. அந்த நேரம் தாங்கிக்குப் பக்கத்தில் அம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அதனால் இதைப் பற்றி யார் கேட்டாலும் நான் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

முதலில் காணியை அளந்து பாருங்கள். கொழும்பில் 10 பேர்ச் வைத்திருப்பவர் வசதியானவர். ஆனால் அது 253 சதுர மீற்றர்தான், சதுரமாக வெட்டினால் ஒரு பக்கம் 16 மீற்றர் வரும், வீடும் கிணறும் கராஜும் போக என்ன மிஞ்சும்? ஒலிம்பிக்கில் எயார் ரைபிள் சுடும் தூரமே 10 மீற்றர். 4.5 மில்லிமீற்றர் ஈயக்குண்டு சீமெந்து மதிலில் பட்டால் சுட்டவன் பக்கமே திரும்பித் தெறிக்கும். உண்மைத் துவக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சின்னது என்று எல்லோரும் நினைக்கும் பொயின்ட் டூ டூ தோட்டாவே தடை எதுவும் இல்லாவிட்டால் ஒரு கிலோமீற்றருக்கு மேல் போகும். சுடுதளங்களில் இலக்குக்குப் பின்னால் உயரமான மண் அணை கட்டுவது அதற்காகத்தான். உங்கள் மதிலுக்குப் பின்னால் இருப்பது இன்னொருவருடைய குசினி.

அடுத்தது சட்டம். இலங்கையில் துவக்குகளுக்கு அடிப்படை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். லயிசன்ஸ் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதே குற்றம். லயிசன்ஸை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். பலர் பிழையாக விளங்கிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது: லயிசன்ஸ் உங்களுக்கும் அந்தத் துவக்குக்கும்தான், உங்கள் வளவு அதனால் சுடுதளம் ஆகிவிடாது. எயார் ரைபிளுக்கு ஒன்றுமே தேவையில்லை என்று விற்பவர் சொன்னால் அதை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள், எந்த மொடல், என்ன அளவு என்று எழுதிக்கொண்டு போய் உங்கள் பகுதிப் பொலிஸில் கேட்டுவிட்டு வாங்குங்கள். லயிசன்ஸ் தேவைப்படாத பொருளாகவே இருந்தாலும், மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி கவனமில்லாமல் நடப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 327ஆம் பிரிவில் குற்றம், யாருக்காவது காயம் பட்டால் 328. கையில் இருந்தது என்ன என்பது அங்கே பெரிய கேள்வியே இல்லை. புறாவையும் குயிலையும் குறிபார்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி வையுங்கள், பெரும்பாலான பறவைகளுக்கு 1937ஆம் ஆண்டிலிருந்தே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

சரி, சுடுவது நீங்கள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் என்றால்? எயார் ரைபிள் விளையாட்டு என்று தெரிந்தால் முதலில் பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள், எங்கள் ஒழுங்கையில் அப்படித்தான் முடிந்தது, தாங்கிக்கும் அவர்களே காசு தந்தார்கள். ஆனால் சத்தம் உண்மைத் துவக்குப் போல இருந்தால் மதிலால் எட்டிப் பார்க்கவும் வேண்டாம், வாக்குவாதத்துக்குப் போகவும் வேண்டாம், உள்ளே வந்து 119க்கு அழையுங்கள். எங்கள் சனத்தில் கனபேருக்கு அந்தச் சத்தம் கேட்டாலே இன்றைக்கும் நெஞ்சு பதறும். அதை மிகைப்படுத்தல் என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

பொலிஸுக்குப் போக முன்னர் திகதி, நேரம், எத்தனை தடவை, எந்தப் பக்கமிருந்து என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ஓட்டையையும் குண்டையும் கைபடாமல் படம் எடுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள், தமிழும் அரசகரும மொழிதான். சிங்களத்தில் எழுதினால், வாசித்துச் சொல்ல ஒருவர் இல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வரவும் வேண்டாம். சேதத்துக்கான காசு மட்டும்தான் பிரச்சினை என்றால் இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசித் தீர்க்க வைக்கும் மத்தியஸ்த சபை போதும், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது அது, சட்டத்தரணிக்குச் செலவழிக்கத் தேவையில்லை. முழு ஒழுங்கைக்குமே தொல்லை என்றால் அயலவர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். பொதுத் தொல்லையை நிறுத்தக் கட்டளை போடும் அதிகாரம் நீதவானுக்கு இருக்கிறது.

பிள்ளைக்கு உண்மையிலேயே சுடுதலில் விருப்பம் என்றால் அதைக் கெடுக்காதீர்கள், அது நல்ல விளையாட்டு. தெஹானி எகொடவெல 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் இலங்கைக்காகச் சுட்டார். முதலில் பாடசாலையில் சுடுதல் அணி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் தேசிய சுடுதல் சம்மேளனத்திடம் விசாரித்து ஒரு கழகத்தில் சேர்த்துவிடுங்கள். பயிற்றுவிப்பாளர் பக்கத்தில் நிற்பார், கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்புப் போட்டுத்தான் சுட விடுவார். எங்கள் ஒழுங்கைப் பெடியனும் இப்போது சனிக்கிழமைகளில் அப்படி ஓரிடத்துக்குத்தான் போகிறான்.